மச்சாளும் குடும்பம்தான்

மன்னார்க் கரையிலிருந்த ஊரைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு, பிலோமினாவும் கணவன் றெமிஜியசும் அவனுடைய அக்கா திரேசியாவோடு அயல்நாட்டுத் துறைமுக நகரம் ஒன்றில் ஒதுங்கியிருந்தார்கள். அந்த நாட்டுச் சட்டப்படி அகதிகள் தங்கலாம், வேலை செய்யக் கூடாது. ஒரே அறைக்குள் பகல் முழுக்க இருந்த மச்சாள்மார் இருவருக்கும் ஒத்துப்போகவே இல்லை.

அகதி அலுவலகத்து இயந்திரம் எல்லா நாட்டுச் சட்டங்களையும் ஒப்பிட்டு, அவர்கள் குடியேறக்கூடிய நாடுகளைப் பட்டியலிட்டுவிட்டுத் தமிழில் பேசியது. "முதலிடத்திலுள்ள நாட்டில் இறங்கிய அன்றே வீடும் வேலையும் கிடைக்கும். ஆனால் அங்கே குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளைகள் மட்டும்தான். திரேசியா வேறு நாட்டுக்குப் போக வேண்டும்."

றெமிஜியஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ. இவவின்ரை குழம்பிலயிருந்து எனக்கும் விடுதலை," என்றாள் திரேசியா. சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் கம்மியது.

பிலோமினா மாதக்கணக்கில் வேண்டிக்கொண்டிருந்தது இதைத்தான். ஆனாலும் அவள் இயந்திரத்தின் பக்கம் திரும்பினாள்.

"மச்சாளையும் குடும்பமெண்டு சொல்லுற நாடு ஒண்டும் இல்லையோ?"

"ஒன்று இருக்கிறது. பட்டியலில் கடைசி. கடுங்குளிர். இரண்டு வருடம் கழித்துத்தான் வேலைக்கு அனுமதி."

"அப்ப எங்கள் மூண்டு பேரையும் அங்க பதியுங்கோ."

வெளியே வந்ததும் திரேசியா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். எந்த நிறத்தில் கம்பளிச் சட்டை வாங்குவது என்று இருவரும் வாதாடிக்கொண்டே நடக்க, றெமிஜியஸ் சிரித்தபடி பின்னால் போனான்.