கொக்கி இல்லாத வார்

"கொக்கி வேணாம்ணே. வளையமும் வேணாம். இரும்புங்கிற பேச்சே இருக்கக் கூடாது."

மாரிக்கண்ணன் கால் கட்டைவிரலில் மாட்டிப் பின்னிக்கொண்டிருந்த தோல் வாரைக் கழற்றி வைத்துவிட்டு நிமிர்ந்தான். நாய்க்கு வார் வாங்க வருகிறவர்கள் முதலில் கொக்கியைத்தான் இழுத்துப் பார்ப்பார்கள். அதையே வேண்டாம் என்கிறாளே இவள்?

"சரி, பித்தளையில போட்டுத் தாரேன்."

"அதுவும் வேணாம். தோலுலயே முடிச்சுப் போட்டுருங்க."

அவன் அவளுடைய விரல் இடுக்குகளைப் பார்த்தான். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாத வெள்ளிப் பொடி. ஒரு காலத்தில் அவன் விரல்களிலும் இருந்ததுதான்.

"வீட்டுலயே வச்சு வெடிக்கு மருந்து அடைக்கியாக்கும்?"

பாண்டிலட்சுமி பதறிப்போய் வெம்பக்கோட்டை ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"பயப்படாத தாயி. நான் எவன்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"கம்பெனிய மூடிட்டாகண்ணே. ஏஜெண்டு வீட்டுக்கே மூட்டையக் கொண்டாந்து எறக்கிட்டுப் போறான். அதுவானா ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. முந்தாநாளு மருந்துத் தட்டுக்குள்ள மூஞ்சிய விட்டுருச்சு. சேலைத் துணியில கட்டிப் பாத்தேன், கடிச்சே அவுத்துருது. சங்கிலி போடலாம்னா, கல்லுல உரசுச்சுன்னா..."

"ஒரு பொறி போதும்" என்றான் மாரிக்கண்ணன்.

அவனுடைய மனைவி இசைவாணி வேலை பார்த்த ஷெட்டுக்குள் ஒருநாள் தெருநாய் ஒன்று புகுந்தது. கழுத்தில் அறுந்த சங்கிலி. தரையில் அதை இழுத்துக்கொண்டே ஓடியது. நாய் எப்படியோ பிழைத்துக்கொண்டது. இசைவாணி பிழைக்கவில்லை. அன்றைக்குப் பட்டாசுத் தொழிலை விட்டவன்தான், ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்க்காரர்களுக்கு வார் பின்ன உட்கார்ந்துவிட்டான். ஒரு நாயாவது அவிழ்த்துக்கொண்டு ஓடாமல் இருக்கட்டும் என்று.

"நான் சொல்றதக் கேளு. மருந்து கெடக்குற வீட்டுல அது வேணாம். இருக்கன்குடி கோயில் வாசல்ல கொண்டுபோய் விட்டுட்டு, திரும்பிப் பாக்காம வந்துரு. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துல எவனாவது சோறு போடுவான்."

பாண்டிலட்சுமியின் முகம் செத்துவிட்டது.

"அப்படிச் சொல்லாதீகண்ணே."

"எங்கூட்டு வயித்தெரிச்சல்ல சொல்றேன். அது போனா ஒண்ணோட போகும். வெடிச்சா அம்புட்டுப் பேரும்ல போவீக!"

"இன்னும் ஆறு மாசம் பல்லக் கடிச்சிட்டேன்னா, அப்புறம் பகல்ல விட்டுட்டு வர எடமிருக்குண்ணே. அதுவரைக்கும் கட்டித்தான் போடணும்."

நாய் வளர்க்கிறவர்களின் கிறுக்கு அவனுக்குப் பழக்கம்தான். பெருமூச்சு விட்டான். "அளவு?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு துண்டு நூலை எடுத்தாள். "இது நெஞ்சளவு. கழுத்துல வேணாம், இறுக்கிரும். நெஞ்சோட வர்ற மாதிரி பின்னுங்க."

"குட்டிதானா? என்ன சாதி? சிப்பிப்பாறையா?"

"சாதி என்னண்ணே சாதி... சாயம் போடாத தோலாப் போடுங்க. வாயில வச்சுக்கிட்டே கெடக்கும். மணி பெருசு பெருசாக் கோக்கணும். சின்னதுன்னா முழுங்கிரும். அதுல ஒண்ணு நல்ல செவப்பா இருக்கட்டும்."

மாரிக்கண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்மா, நாய்க்குச் செவப்புத் தெரியாது. அதுக்குப் பச்சையும் ஒண்ணுதான், செவப்பும் ஒண்ணுதான்."

"இருந்துட்டுப் போகட்டும். செவப்பே கோத்துருங்க. நாளைக்குச் சாயங்காலம் வாரேன். பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேன், அவ வைவா." பேச்சோடு பேச்சாக நடந்துவிட்டாள்.

அவன் நல்ல தோலாகத் தேடி எடுத்து, ஈரத்திலேயே பின்னினான். காய்ந்தால் முடிச்சு கல்லாகிவிடும். எந்தப் பல்லாலும் அவிழ்க்க முடியாது. நெஞ்சில் படும் இடத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, துணி போல மெத்தென்று ஆக்கினான். இடையிடையே பூ முடிச்சு. நடுவில் பெரிய சிவப்பு மணி.

மறுநாள் சாயங்காலம் அவள் வரவில்லை.

பொழுது சாயும் நேரத்தில், முந்தின நாள் அவள் நடந்துபோன திசையில் டமாரென்று ஒரு சத்தம். ஏதோ ஒரு கம்பெனியில் வெடித்துப் பார்க்கிறார்கள் என்று டீக்கடையில் சொன்னார்கள். மாரிக்கண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாரைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான்.

விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது வீடு வீடாகவே இருந்தது. உயிர் வந்தது அவனுக்கு. வாசலுக்கு அந்நிய ஆள் வந்தும் எந்த நாயும் குரைக்கவில்லை. பின்பக்கம் தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே அவள் மருந்து அடைத்துக்கொண்டிருந்தாள். பத்தடி தள்ளி, நிழல் பார்த்து, புதிதாக ஒரு மரமுளை அடித்திருந்தாள்.

"ஏஜெண்டு நாளைக்கே லோடு கேக்குறான்ணே. எந்திரிக்க முடியல" என்று எழுந்தாள். வாரை வாங்கக் கையை நீட்டினாள்.

"இரு தாயி. நாயக் கூப்பிடு. போட்டுப் பாத்துத்தான் குடுப்பேன். இறுக்குச்சுன்னா மூச்சு முட்டிரும், வாயில்லாச் சீவன்."

பாண்டிலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் கையை முழங்கை வரைக்கும் கழுவினாள். பிறகு, வெளியே தாழ் போட்டிருந்த கதவைத் திறந்தாள்.

"வா சாமி... கையத் தூக்கு."

புதுச்சட்டை என்று நினைத்து இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு தத்தித் தத்தி வந்த அந்த ஒன்றரை வயதுப் பிள்ளை, மாரிக்கண்ணன் கையிலிருந்த வாரில் நேராகச் சிவப்பு மணியை எட்டிப் பிடித்துச் சிரித்தது.