கேன் தண்ணீர் காபி

"நான் பேசுற இடத்த மட்டும் வெட்டிடுடி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

ராஜாத்தி மகள் வானதியின் முகத்தைப் பார்க்காமல், அவள் கையிலிருந்த செல்போனைப் பார்த்துச் சொன்னாள். வானதி அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டாள்.

சின்னக் குறும்படம்தான். பருவம் தப்பிப்போனதில் அவரவர் ஊருக்கு என்ன ஆயிற்று என்று அவரவரே படம் எடுக்க வேண்டும் என்று தஞ்சாவூர்க் குழு ஒன்று வந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தது. கீழ்வேளூருக்குக் கிழக்கே இருக்கும் இந்த ஊரில் எதை எடுப்பது என்று யோசிக்கவே வேண்டாம். மழை ஒரேயடியாகக் கொட்டிவிட்டு ஓடிவிடுகிறது. ஆற்றில் தண்ணீர் நிற்கிற நாள் குறைந்துபோனது. கடல் மண்ணுக்கு அடியிலேயே நடந்து வந்து அடிபம்பு வரைக்கும் எட்டிவிட்டது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, பால் ஊற்றினால் திரிந்துவிடும்.

படத்துக்கு உயிரே ராஜாத்தி பேசும் இடம்தான். பம்பைப் பிடித்துக்கொண்டு, கேமரா இருப்பதையே மறந்துபோய்ச் சொல்லியிருந்தாள். "வாயில வச்சுப் பாரு, கடல் தண்ணி தோத்துடும். எம்புள்ளைக்கு முப்பது தாண்டிருச்சு. இந்தத் தண்ணிக்குப் பயந்துகிட்டு ஒருத்தரும் பொண்ணு குடுக்க மாட்டேங்குறாங்க. புயல்ல விழுந்த மரத்துக்குக் கணக்கெடுக்க வர்றாங்க. இதுக்கு யாரு வருவா?"

பேசியபோது பேசிவிட்டாள். படமும் குழுவுக்குப் போய்விட்டது. இப்போதல்லவா மகன் பரிதிக்கு வரன் வந்திருக்கிறது. அதுவும் பாபநாசத்திலிருந்து, பெண் வீட்டாரே தேடி வந்து கேட்டிருக்கிறார்கள். குடமுருட்டி ஆற்றுத் தண்ணீர் குடிக்கிற ஊர்க்காரர்களுக்கு இந்த ஊர் எப்படிக் கண்ணில் பட்டது என்று ராஜாத்திக்கு விளங்கவில்லை. கேட்கப் பயமாகவும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறார்களாம். பெண்ணும் கூட வருகிறதாம். வீடு பார்க்கப் பெண்ணே வருவதைக் கேள்விப்பட்டதில்லை, காலம் அப்படி ஆகிவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

முதல் நாள் சனிக்கிழமை கீழ்வேளூர் மண்டபத்தில் படம் போடுகிறார்கள். அங்கே பார்க்கிற ஒரு வாய் போதாதா, பாபநாசம் வரை சேதி போக?

"ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தப் பண்ணும்பாங்க. நான் ஒரு பொய்யும் சொல்லச் சொல்லல. சும்மா இருன்னுதான் சொல்றேன்" என்றாள்.

வந்தபிறகு அந்தப் பெண் இந்தத் தண்ணீரைத்தானே குடித்தாக வேண்டும் என்று வானதி கேட்டாள்.

"பழகிக்கும். நான் பழகிக்கலையா?"

"நீ வாக்கப்பட்டு வந்தப்ப இந்தத் தண்ணி இனிச்சுதும்மா. நீயே சொல்லியிருக்க."

ராஜாத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பரிதி, வெட்டிவிடு என்று தங்கைக்குச் சைகை காட்டினான். தனக்காக இல்லை, அம்மாவுக்காக. வானதிக்கு மனசே இல்லை. ஆனாலும் வெட்டி, புதிதாக அனுப்பினாள். சனிக்கிழமை அந்த உப்புத் தண்ணீர்ப் படம் உப்புச்சப்பில்லாமல் ஓடி முடிந்தது. ஜனங்கள் மரியாதைக்குக் கை தட்டினார்கள்.

ஞாயிறு காலையில் கேன் தண்ணீர்க்காரனைக் கொல்லைப்புறமாக வரச் சொல்லியிருந்தாள் ராஜாத்தி. தண்ணீரைப் பித்தளைக் குடத்தில் ஊற்றிக்கொண்டு, காலிக் கேன்களை வைக்கோல் போருக்குப் பின்னால் தள்ளினாள். பரிதி பார்த்தும் பார்க்காததுபோல் போனான்.

வந்தவர்கள் நல்ல மாதிரி. பெண்ணின் அப்பா நல்லக்கண்ணு அதிகம் பேசாத மனுஷர். அம்மா பூவும் பழமும் கொண்டு வந்திருந்தாள். பெண் சுடர்விழி தஞ்சாவூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறாள். வந்து உட்கார்ந்ததிலிருந்து ராஜாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நல்லக்கண்ணு ஒரு வாய் குடித்துவிட்டு, காபி நன்றாக இருக்கிறது என்றார். அதோடு விட்டிருக்கலாம். ராஜாத்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"எல்லாம் நம்ம பம்புத் தண்ணிதாங்க" என்று சொல்லிவிட்டாள்.

வானதி தலையைக் குனிந்துகொண்டாள். சுடர்விழி டம்ளரைக் கீழே வைத்தாள். கொல்லைப் பக்கம் பார்க்கலாமா என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல் எழுந்து நடந்தாள். ராஜாத்தி பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். அதற்குள் அவள் பம்பை அடித்து, ஒரு கை தண்ணீர் ஏந்திக் குடித்துவிட்டாள். முகம் லேசாகச் சுருங்கியது. ஆனாலும் துப்பாமல் விழுங்கினாள்.

போச்சு, எல்லாம் போச்சு என்று ராஜாத்தி பம்பையே பிடித்துக்கொண்டு நின்றாள். அது வந்தும்மா என்று இழுத்தாள்.

சுடர்விழி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"போன மாசம் எங்க காலேஜ்ல உங்க படத்தப் போட்டாங்க. இப்படி உள்ளத உள்ளபடி சொல்ற மாமியார் எங்க கிடைப்பாங்கன்னு, விசாரிச்சு அப்பாவ இங்க அனுப்பினதே நான்தான். ஆனா அதுல நீங்க சொன்ன அளவுக்கு ஒண்ணும் கரிக்கலையே, அத்தை."