ஆட்டோ டியூப்

“இந்த வேலையப் பண்ணது யாரு?”

வீட்டுக்கு வந்திருந்த நர்ஸ் ஃப்ளோரா சிஸ்டர், பாரியை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, வாசலைப் பார்த்துக் கேட்டார். சைக்கிள் பம்போடு அப்போதுதான் உள்ளே நுழைந்த பீம்ராவ் அப்படியே நின்றுவிட்டான். இரண்டு வருஷமாக இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தான்.

“நான்தான் சிஸ்டர். பின்னாடி ஆள் கீதானு பாக்காம ரிவர்ஸ் எட்த்துட்டேன்.”

“ஃபோர்க் லிஃப்ட் கதைய யாருப்பா கேட்டா? இவர் இடுப்புக்கு அடியில இந்த டியூப்ப வெச்சது யாருன்னு கேட்டேன்.”

ஐயோ, அதுவும் அவன்தான். திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் அவன் ஓட்டிய சரக்குத் தூக்கும் வண்டி இடித்துத்தான் பாரிக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே போய்விட்டது. பாவம், படுக்கைப்புண் வந்துவிடுமே என்று ஒரு ஆட்டோ டியூபைத் தேடிப் பிடித்து, துண்டு சுற்றி, வளையமாக அடியில் வைத்தான். யார்டில் எல்லாரும் சூப்பர் ஐடியா என்றார்கள்.

ஒரே ஒரு தொல்லை, தினமும் காற்று இறங்கிவிடும். வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்தான், ஒரு குமிழிகூட வரவில்லை. வால்வை மாற்றினான், அப்படியும் இறங்கியது.

அதனால் ஷிஃப்ட் முடிந்ததும் கல்மண்டபத்தில் பாரி வீட்டுக்கு வந்து காற்றடித்துவிட்டுப் போவான். “துன்னியா?” என்பான். “துன்னேன்” என்பான் பாரி.

அதற்கு மேல் பீம்ராவுக்கு வாய் வராது. தன் மூஞ்சியைப் பார்த்தாலே பாரிக்கு வயிறு எரியும் என்று அவனே முடிவு கட்டிக்கொண்டு, பம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவான்.

“இங்க வந்து பாருங்க” என்றார் சிஸ்டர்.

வால் எலும்பின் மேல் ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் போய்க் குழி விழுந்திருந்தது. பீம்ராவ் ஒரு தரம்தான் பார்த்தான்.

“வளையம் சுத்தி அமுக்கினா நடுவுல ரத்தம் எப்படி ஓடும்? புண்ணு வரக் கூடாதுன்னு வெச்சீங்க, அதுவே கொண்டாந்து விட்டுருச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் போடணும், ஈரம் தங்கக் கூடாது. சாயங்காலம் இவர் சம்சாரம் மீன் விக்கப் போயிடுறாங்க, அந்நேரம் புரட்ட யாரு இருக்கா?”

சிஸ்டர் புண்ணைத் துடைத்துக் கட்டுப் போட்டார். “புதன்கிழமை வரேன். குழி பெருசாச்சுன்னா ஆஸ்பத்திரிதான்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பீம்ராவ் சுவரோரம் பொத்தென்று குந்தினான். வெட்கத்தை விட்டு அழுதான்.

“முதுக ஒட்ச்சதும் நானு, சதைய அழுக வெச்சதும் நானு. நான்லாம் ஒரு மன்சனாடா? உங்கூட்டு சோத்துல மண்ணப் போட்ட கஸ்மாலம்டா நானு!”

“இன்னாத்துக்குடா இப்ப அழுவுற?”

“மன்னிச்சிரு பாரி. அத்தக் கூட ரெண்டு வருசமா சொல்லாம இருந்துகினேன்.” மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். டியூபைக் கையில் எடுத்தான். “தூக்கிக் கெடாசிட்றேன். இனிமே இந்த வூட்டுப் பக்கமே வர மாட்டேன். என்னப் பாத்து நீ பேஜாராவ வாணாம்.”

அவன் படுக்கையைத் தாண்டிப் போகும்போது பாரி எட்டி அவன் சட்டையைப் பிடித்தான். பிடித்த கை விடவில்லை.

“பஞ்சரே கெடையாது மாமு. நீ வரணும்னு டெய்லி நான்தான் காத்த எறக்கி வுட்டேன்.”