ஒரு விரக்கடை

ஸ்விட்சைப் போட்டதும் பேசினிலிருந்து வெளிச்சம் பாலாக இறங்கியது.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

துணி அலசுகிற பிளாஸ்டிக் பேசின்தான். உள்ளே வெள்ளித்தாள் ஒட்டி, அடியில் ஓட்டை போட்டு, பல்பைச் செருகியிருந்தான். அதன் வாய்க்குத் தன் கல்யாண வேட்டியை இழுத்துக் கட்டியிருந்தான். மொத்தத்தையும் ஒட்டடைக் கம்பில் இறுக்கி, கம்பை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டான். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. ஆனாலும் என்ன சர்க்கரை!

பதினோரு மணிக்குக் கோமதி வருகிறாள். அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருப்பவள். மகளுக்கு முதல் பிறந்த நாள். அழைப்புப் பத்திரிகையில் போட ஒரு படம் வேண்டுமாம்.

இவன் எடுக்கப்போகிற முதல் படம்.

பதினோரு வருஷம் கல்யாண வீடுகளில் லைட் பிடித்தவன் இவன். மாஸ்டர் படம் எடுப்பார். இவன் பக்கத்தில் நின்று விளக்கைத் தூக்கிப் பிடிப்பான். ஒரு தடவைகூட அந்தப் பட்டனை அமுக்கியதில்லை. இனிமேல் வரவில்லை என்று போன வாரம்தான் போய்ச் சொன்னான். அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். உன் லைட்டை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன், எப்போது வேண்டுமானாலும் வா என்று சொல்லி, டீயும் வாங்கிக் கொடுத்தார். அந்த டீ இன்னும் தொண்டையில் நிற்கிறது.

இன்றைக்குப் படம் தேறவில்லையென்றால் அந்த லைட்டுக்குத்தான் திரும்பிப் போகவேண்டும்.

தேறும்.

பச்சைச் சுவரை மறைத்து வெள்ளை விரிப்பு தொங்கியது. எதிர்ப்பக்கம் தெர்மாகோல் அட்டை. நடுவில், குழந்தை உட்கார வேண்டிய இடத்தில், ஒரு பூசணிக்காய்.

ஒத்திகைக்கு ஆள் வேண்டுமே.

பூசணிக்காய்க்கு முகம் இல்லாமல் எப்படிப் பார்ப்பது என்று அவன் மனைவி பிரம்மசக்தி மையெடுத்து வந்து கண்ணும் வாயும் வரைந்தாள். வரைந்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். கன்னம் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டாள். அவன் பார்த்தான். வேட்டியின் சிவப்புக் கரை பல்புக்கு நேராக வந்திருந்தது. அவளே கரையை மடித்து உள்ளே செருகினாள். கல்யாணத்துக்குப் பிறகு இந்த வேட்டிக்கு இன்றைக்குத்தான் ஒரு வேலை வந்திருக்கிறது என்றாள்.

அவன் கேமராவை எடுத்து ஒரு படம் எடுத்துப் பார்த்தான்.

பூசணிக்காயின் மண்டை பளபளத்தது. முகம் இருண்டு கிடந்தது.

இரண்டாவது படமும் அப்படித்தான். பிறகுதான் புரிந்தது. மாப்பிள்ளை பெண் தலைக்கு மேலே பிடித்தே பழகிய கை, விளக்கை அந்த உயரத்தில்தான் கட்டியிருந்தது. தரையில் உட்காருகிற பிள்ளைக்கு மணமேடை வெளிச்சம். தன்னையே நினைத்துச் சிரித்துக்கொண்டு கம்பை அவிழ்த்தான். இடுப்பளவுக்கு இறக்கி, நாற்காலி முதுகில் கட்டினான்.

பூசணிக்காய்க்கு முகம் வந்துவிட்டது.

கோமதி வந்தாள். பூசணிக்காயைப் பார்த்ததும் அவளுக்கு வாயெல்லாம் பல். திருஷ்டி கழிக்கக்கூட ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்களே என்று மனம் குளிர்ந்துபோனாள். இரண்டு பேரும் மறுக்கவில்லை.

பூசணிக்காய் போய்க் குழந்தை உட்கார்ந்தது.

அவன் மண்டியிட்டான். கேமராவில் கண்ணை வைத்தான்.

குழந்தை அவனைப் பார்க்கவில்லை. பேசினையே பார்த்தது. கிலுகிலுப்பையை ஆட்டினான். விரலைச் சொடுக்கினான். கோமதி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். குழந்தை பேசினைப் பார்த்தபடியே உதட்டைப் பிதுக்கியது.

வெண்ணெய் திரண்டு வருகிற நேரம். தாழி உடையப் பார்த்தது.

கம்பை அவிழ்த்துக் கேமரா பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னான். பிரம்மசக்தி நகர்த்தினாள். கம்பு ஆடியது. மூக்கு நிழல் கன்னத்தில் விழுந்தது. அவன் கை பரபரத்தது. பொறுத்துப் பார்த்தான். முடியவில்லை. கேமராவை அவள் கையில் திணித்துவிட்டுக் கம்பை வாங்கினான்.

கம்பு நின்றது. நிழல் ஒதுங்கியது.

குழந்தை பேசினுக்கு மேலே அவன் முகத்தைக் கண்டுபிடித்தது. இரண்டே இரண்டு பல். முகம் முழுக்கச் சிரிப்பு.

கிளிக்.

அவன் திரும்பிப் பார்த்தான். அவன் முழங்கால் பக்கத்தில் மண்டியிட்டு அவள் அமுக்கியிருந்தாள்.

கோமதி ஓடி வந்து பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவனும் எட்டிப் பார்த்தான். குழந்தையின் இரண்டு கண்ணிலும் வெளிச்சம் பொட்டாக நின்றது.

தேறிவிட்டது.

தேறியது, ஆனால் அவன் எடுக்கவில்லை.

இன்னும் ஒன்று எடுத்துவிடலாம் என்று கோமதி குழந்தையின் பாவாடையைச் சரிசெய்தாள். அவன் கேமராவுக்குக் கை நீட்டினான்.

"இருங்க," என்றாள் பிரம்மசக்தி. கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "லைட்டை ஒரு விரக்கடை எறக்குங்க."

அவனுடைய இன்னொரு கை அதற்கு முன்பே இறங்கத் தொடங்கியிருந்தது.

மாஸ்டர் ஏற்று என்பார், இறக்கு என்பார். அதோடு சரி. கடைசி ஒரு விரக்கடையை, அந்த ஒரு விரல் அகலத்தை, இத்தனை வருஷமும் இவன் கைதான் பார்த்துக்கொண்டது. அது இன்னொருவர் கண்ணுக்கும் தெரியும் என்று அவன் நினைத்ததே இல்லை.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். வருத்தமாகத்தான் இருந்தது. அந்த வருத்தத்தை உட்காரவிடாமல் ஒரு சந்தோஷம் முட்டிக்கொண்டு வந்தது.

விளக்கை இறக்கினான்.

"சரி மாஸ்டர்," என்றான்.

கோமதி சிரித்தாள்.

பிரம்மசக்தி சிரிக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, குழந்தை திரும்பக் காத்திருந்தாள்.