அச்சு அசல்

"மறுபடியும் தட்டறார் பாரு!" ஹெட்போனைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தார் கணவர்.

மேலே கிட்டார் சத்தம் கேட்டால், கீழ்வீட்டில் இருக்கும் ஓனர் கம்பை எடுத்துக் கூரையைத் தட்டுவார். இனியும் சத்தம் வந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அதற்குப் பயந்துதான், கணவர் கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் தன் பெரிய ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் ஒலியை அச்சு அசலாகக் கம்ப்யூட்டருக்குள் நகலெடுத்துக்கொண்டு, பெட்டியை விற்றுவிட்டார். இப்போது கிட்டாரைக் கம்ப்யூட்டரில் செருகி, அதே ஒலியை ஹெட்போனில் மட்டும் கேட்டு வாசிக்கிறார்.

"ஹெட்போன்ல வாசிக்கிறது கொசுவுக்குக்கூடக் கேக்காது. நான் கம்பியைத் தொட்டா அந்த மனுஷன் தொம் தொம்னு தட்டறார்!"

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே," என்றாள் மனைவி.

"நீ எப்பவும் அவர் கட்சிதான்!"

தடதடவென்று கீழே இறங்கியவர், போன வேகத்தில் திரும்பினார். "வெளியில பூட்டைப் போட்டுட்டு உள்ளேருந்து தட்டறார்!"

"அவர் மகள் வீட்டுக்குப் போய்ப் பத்து நாளாச்சு. சாவி நம்ம ஆணியிலதான் தொங்குது."

மனைவி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கிட்டாரை ஒரு முறை மீட்டினாள். தொம், தொம். பின்னாலேயே மெல்லியதாக ஓனரின் குரல், "நிறுத்துய்யா!"

"ஆம்ப்ளிஃபயர் சத்தத்தை எங்க வெச்சு நகலெடுத்தீங்க?"

"இந்த ரூம்லதான். சத்தத்தை முழுசா வெச்சு, முன்னாடி மைக்..." கணவரின் குரல் இறங்கியது. "ஐயையோ, அந்த நகலை நெட்ல வேற போட்டேன். முந்நூறு பேர் இறக்கிட்டாங்களே!"

"விடுங்க," என்றாள் மனைவி. "முந்நூறு கீழ்வீட்டுக்காரங்களுக்குக் கம்பு எடுக்கற வேலை மிச்சம்."