அல்தாப் செய்த பெட்டி

"டீச்சர், நான் கிளம்புதேன். பெட்டி கூப்பிடுத நேரம் ஆயிட்டு."

கிதிர் முகம்மது பாய் வகுப்பின் பாதியிலேயே எழுந்துவிட்டார். ஜெயபிரியாவுக்கு இது பழகிப்போயிருந்தது. தென்காசியில் அவள் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டருக்குக் கடையநல்லூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர். பாதி ஆயுளைத் துபாயில் கழித்தவர். ஒரே மகன் அல்தாப் வளர்ந்ததைப் போட்டோவில்தான் பார்த்தார்.

அந்த அல்தாப், தன் தாய்க்காக ஒரு சின்னப் பெட்டி செய்து வைத்திருந்தான். மாத்திரை நேரம் வந்தால் அவன் குரலிலேயே, "உம்மா, மாத்திரை போட்டியா?" என்று கேட்கும். பட்டனை அமுக்கும்வரை விடாது.

போன வருஷம் குற்றாலம் ரோட்டில் பைக் விபத்து. அல்தாப் போய்விட்டான். பெட்டிக்கான புரோகிராம் இருந்த லேப்டாப்பும் அவனோடு நொறுங்கிவிட்டது. மிஞ்சியது பெட்டிக்குள் இருந்த சிப் மட்டும்.

"அவன் எழுதுனத கம்பைலர் மெஷின் பாஷைக்கு மாத்திட்டு, பாய். அத அப்படியே திரும்பக் கொண்டுவர முடியாது. அசெம்பிளிங்குற மெஷின் கட்டளைகளப் படிச்சாத்தான் ஒவ்வொரு வரியா புரியும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

அப்படியானால் முதல் கம்பைலரை எதில் எழுதினார்கள் என்று கேட்டார். அதையும் யாரோ உட்கார்ந்து, மெஷினுக்குப் புரிகிற கட்டளைகளாகக் கையால்தான் எழுதினார்கள் என்றாள்.

தானே வாசித்துத் தருவதாக அவள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். மகன் எழுதியதைத் தானே வாசிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, சிப்பிலிருந்து அவள் பிரின்ட் எடுத்துத் தந்த தாளில் ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துப் படிப்பார். பொண்டாட்டிக்காகப் பெட்டியில் எதையோ மாற்றத்தான் படிக்கிறார் என்று நினைத்தாள்; இந்த வயதிலும் இவ்வளவு பாசமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

இன்று வாசல்வரை போனவரை நிறுத்தினாள்.

"இருங்க பாய். இன்னும் கொஞ்சந்தான் பாக்கி. என்ன மாத்தணும்னு சொல்லுங்க, நாளைக்கே முடிச்சிருதேன். வீட்டுல அவங்களுக்கு மாத்திரை நேரம் மாறிட்டா?"

அவர் குனிந்து செருப்பை மாட்டினார். நிமிரவில்லை.

"மாத்த ஒண்ணும் இல்ல, டீச்சர். நான் இங்கன படிக்க வாரதுக்கு முன்னாலயே அவ மவுத்தாயிட்டா. மாத்திரை போட ஆளில்ல, பெட்டி இன்னும் உம்மா, உம்மான்னுதான் கூப்பிடுது. உள்ள எங்கயாவது, ஒரு தடவையாவது என்னைய 'வாப்பா'ன்னு சொல்லியிருக்கானான்னு தேடுதேன்."