அயனைசருக்கு வைத்த காவல்

"நான் அயனைசரை அணைக்கவே இல்ல சார்" என்றாள் மெஷின் ஓட்டுகிற பெண்.

"அப்போ அதுவா அணையுதா?" என்று பல்லைக் கடித்தார் சூப்பர்வைசர்.

அயனைசர் ஊதும் காற்றுதான் பிளாஸ்டிக் தாளில் ஏறும் மின்சாரத்தைப் போக்கும். அது பட்டால்தான் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. ஒரு வாரமாக மதியமானால் ஒட்டிக்கொண்டு எல்லாம் குப்பைக்குப் போனது. பதவி உயர்வு கிடைக்காத கடுப்பில் இவள்தான் ஏதோ செய்கிறாள் என்று நினைத்தார் அவர். மதியத்தில் மெஷின் பக்கம் உட்காருவது அவர் வழக்கம்தான். இப்போது கையும் களவுமாகப் பிடிக்க, நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டுக் கண்கொட்டாமல் பார்த்தார். அவள் அசையவில்லை. தாள்தான் முன்னைவிட அதிகமாக ஒட்டியது.

"பலே கைகாரி சார், வேலையை விட்டுத் தூக்கிடுங்க" என்று முதலாளியிடம் சொன்னார்.

முதலாளி எதற்கும் இருக்கட்டுமென்று சர்வீஸ் இன்ஜினியரை வரவழைத்தார். அவர் மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"அயனைசர் நல்லாத்தான் ஓடுது. அந்தக் காத்து தாள்மேல படறதுக்குள்ள இந்த ஃபேன் ஊதித் தள்ளிடுது. நாற்காலிக்குப் பின்னாடி இதை யாரு வெச்சது?"



முதலாளி அவளைப் பார்த்தார். "உன்னோடதாம்மா?"

அவள் சூப்பர்வைசர் பக்கம் திரும்பவில்லை. "பொதுவா கிடந்த ஃபேன் சார். யாரு வெச்சாங்கன்னு தெரியல."

"இல்ல சார்" என்றார் சூப்பர்வைசர், குனிந்து வயரைப் பிடுங்கியபடி. "புழுக்கம் தாங்காம போன வாரம் நான்தான் வீட்டுலேருந்து கொண்டு வந்தேன்."